ஓடையைக் கலக்கிய அக்கா

அக்காவின் வீட்டில் எந்தப் பொருளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததில்லை. அகப்பை பாய்க்கு அடியில் கிடக்கும். சீப்பு உப்புச் சட்டிக்குள் இருக்கும். கழுவாத பாத்திரங்கள் வாசலில் குவிந்திருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி அதன்மேல் ஏறி நிற்கும். பஞ்சம் முற்றி, தோட்டத்துக் கோழிகளை எல்லாம் தின்று தீர்த்த பிறகும் பாத்திரக் குவியல் மட்டும் அப்படியே இருந்தது. கிழிசலைத் தைத்துத் தருகிறேன் என்று யாரிடமாவது துணி வாங்கினால், கொடுத்தவர் அதை மறந்துவிடுவது நல்லது. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்த பிறகுதான் வருவார். வந்து, மீதமிருக்கும் ரசத்தைக் குடித்துக்கொண்டே, தாலி கட்டியாயிற்றா என்று கேட்பார்.

இவ்வளவையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் பத்திரிகையில் இருந்தபோது, கட்டுப்பாட்டோடு வாழ்ந்து பெரிய காரியம் செய்தவர்கள் என்று பெயரெடுத்த பலரைப் பார்த்துப் பேசி எழுதியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் செருப்புகூட வரிசையாக இருக்கும். அவர்கள் சொன்னதை எல்லாம் குறித்துக்கொள்ளும்போது எனக்கு இந்த அக்காவின் ஞாபகம்தான் வரும். ஒரு வேலையை ஒரு நாள்கூட விடாமல் செய்த ஆள் என்று நான் நேரில் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

ஜப்பான்காரன் காலம் அது. மலாயாவில் ஈப்போவுக்கு அருகே, சிம்பாங் பூலாய்க்குக் கிழக்கே, மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதும் உதவியாள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அது என் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, யார் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அக்கா பெரட்டுக்கு எப்போதும் இடுப்புவரை நனைந்துதான் வந்து நிற்பார். கோணிச் சாக்கைப் பாவாடையாகத் தைத்து உடுத்தியிருப்பார். அதிலிருந்து தண்ணீர் சொட்டி, அவர் நின்ற இடம் மட்டும் சேறாக இருக்கும்.

"என்னாக்கா, மீனு கெடைச்சுச்சா?" என்று மண்டோர் கேட்பார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோருக்குப் பெரிய மீசை. அவருக்கு அக்காவைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"கெடைச்சுச்சு அண்ணே. மீசை வச்ச மீனு. உங்க மொகச்சாடையா இருந்துச்சு, பாவம்னு விட்டுட்டேன்."

வரிசை முழுவதும் சிரிக்கும். அந்தக் காலத்தில் காலையில் சிரிப்பதற்கு எங்களுக்கு வேறு அதிகம் இருக்கவில்லை.

அவர் செய்த வேலை இதுதான். மலைத் தோட்டங்களில் மலேரியாக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் தெளிந்த ஓடையில், வெயில் படுகிற ஓரத்தில், புல் நுனி தண்ணீரைத் தொடுகிற இடத்தில் முட்டையிடும். தோட்டத்தில் அந்த ஓடைகளை அல்லூர் என்போம். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரை அல்லூர்களுக்கு கொசுப்புழு சாக வாரம் தவறாமல் எண்ணெய் அடிக்க ஒரு கூட்டத்தை வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் எண்ணெய் டின் தூக்கிய ஒரே பெண் அக்கா. ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறித் தெற்கே போனார். எண்ணெய் நின்றது. கூட்டத்து ஆண்களில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்காவின் கணவரும் அதில் ஒருவர். மீதிப் பேர் மரவள்ளி நடப் போனார்கள். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸர், காய்ச்சலுக்குத் தரும் கொய்னா மாத்திரை தீர்ந்ததும் ஈப்போவுக்குப் போய்விட்டார்.

போகும்போது அவர் சொன்ன ஒரு விஷயத்தை அக்கா பிடித்துக்கொண்டார். "முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல ஆவும், அதுக்குள்ள தண்ணியக் கலக்கி ஓரத்தச் சொரண்டி விட்டா புழு செத்துரும்னு டிரஸர் சொன்னாரு. எண்ணெ இல்லாட்டி என்னா, கை இருக்குலா."

நீண்ட மூங்கிலின் நுனியில் முள்மூங்கில் கிளைகளைக் கட்டி ஒரு துடைப்பம் செய்துகொண்டார். நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைகளைச் சுற்றியிருந்த அல்லூர்களைத் துண்டு துண்டாகப் பிரித்தார். விடிந்ததும் ஒரு துண்டு. தண்ணீரில் இறங்கி, ஓரத்துப் புல்லைப் பிடுங்கி, தேங்கிய குழிகளைக் கலக்கி, மண் கரைய இழுத்துக்கொண்டே போவார். வாரம் முடிவதற்குள் எல்லாத் துண்டும் ஒருமுறை கலங்கிவிடும். பிறகு முதல் துண்டிலிருந்து மறுபடி. பெரட்டுக்கு வராவிட்டால் அரிசிப் பங்கு கிடையாது என்பதால், இதைப் பெரட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும். அதன் பிறகு மற்றவர்களோடு சேர்ந்து மரவள்ளிக் காட்டில் பகல் முழுவதும் மண் கொத்த வேண்டும். அல்லூர் வேலைக்கு யாரும் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கொடுக்கவில்லை. வேலை செய்ததற்கு அடையாளமாகக் காட்டவும் எதுவும் இல்லை. மரவள்ளி நட்டால் செடியைக் காட்டலாம். வராத காய்ச்சலை எப்படிக் காட்டுவது?

ஒரு விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். வழியில் நான் பேச்சுக் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் திரும்பி, "இப்ப பேசுங்க கிராணி" என்றார்.

"ஏன், தண்ணியில நின்னாத்தான் காது கேக்குமா?"

"எறங்குறதுக்கு முன்னாடி வாயத் தொறந்தா, இன்னைக்குப் போக வேணாங்கிறதுக்கு ஒரு காரணம் வந்துரும். என் வாய் அப்படி."

அன்றைய துண்டு முடியும் இடத்துக்கு முன்னால், ஒரு கை நீளத்துக்குப் புல்லைப் பிடுங்காமல் விட்டுவிட்டுக் கரையேறினார். பார்த்தால் மறந்துபோனது மாதிரி இருந்தது.

"அது விட்டுப்போச்சே அக்கா."

"விட்டுப்போகல. விட்டு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"நாளைக்குப் புதுத் துண்டு முன்னாடி வந்து நிப்பேன்லா, அது நீளமாக் கெடக்கும். பாத்தா மலைப்பா இருக்கும், திரும்பி வீட்டுக்குப் போயிருவேன். இது மிச்சம் இருந்தா, சரி, இத மட்டும் பிடுங்கிட்டுப் போலாம்னு எறங்குவேன். எறங்கிட்டா கால் நனைஞ்சு போச்சு. நனைஞ்ச காலுக்கு அப்புறம் என்னா?"

இதைச் சொல்லும்போது அவரிடம் பெருமை எதுவும் இல்லை. ஏமாற்றுக்காரனைப் பிடித்த கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த ஏமாற்றுக்காரன் அவரே.

அவருக்கு ஒரே மகள். அதற்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளை, சண்டைக்கு வெகுகாலம் முன்பே, வேறொரு தோட்டத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. மண்டோர் சொல்லித்தான் தெரியும். சயாம் போன கணவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மகள் கல்யாணமாகி அதே வரிசையில், அடுத்த வீட்டில் இருந்தாள். மருமகன் அதிகம் பேசாத பையன். மகள் கர்ப்பமானாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டப் பிரிவில் அல்லூர்களைத் தொட ஆளில்லை. அங்கே அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வீட்டுக்கு வீடு போனது. கர்ப்பிணிகளுக்கு அது வந்தால் வயிற்றுப் பிள்ளை முதலில் போகும். பல நேரம் தாயும் பின்னாலேயே போவாள். மேட்டுப் பாதையில் வாரத்துக்கு ஒருமுறையாவது பாயில் சுற்றிய உடலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இறங்கி வருவதை எங்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம். மகளும் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். மருந்தகத்தில் காலிப் புட்டிகள்தான் இருந்தன.

அந்தச் சமயத்தில் ஈப்போவிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு வந்தான். வீட்டு வரிசைக்கு மேலே, மலை இடுக்கில் ஒரு நீண்ட அல்லூர் ஓடியது. இருபுறமும் புதர்க்காடு அடர்ந்து, பகலிலேயே இருட்டாக இருக்கும். அதிகாரி வாளின் உறையால் அந்தக் காட்டைக் காட்டினான். நிலம் சும்மா கிடக்கிறதே, ஏன் நடவில்லை என்று கேட்டான். அடுத்த முறை வரும்போது அங்கே மரவள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அக்கா ஆபீசுக்கு வந்தார். துரை போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையானவர், பயந்தவர். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"ஐயா, அந்தக் காட்ட வெட்டாதீங்க. தண்ணி இருட்டுக்குள்ள ஓடுறதாலதான் அங்க கொசு முட்டை வைக்கல. வெட்டுனா வெயில் விழும்."

"எனக்கு அது தெரியும், பிள்ளை. டிரஸர் இருக்கேக்குள்ளயே கதைச்சிருக்கிறம். ஆனா நாளைக்கு அவன் வந்து நட்டாச்சோ எண்டு கேட்டா, கொசு வருமெண்டு நான் சொல்லேலுமோ? சொன்னா இன்னும் பத்துப் பேரைச் சயாமுக்கு எழுதச் சொல்லுவான். ஆரை எழுதுறது, நீரே சொல்லும்?"

அக்கா மேசை அருகே நகர்ந்து வந்தார். "தண்ணி ஓரத்துல ரெண்டு பக்கமும் கொஞ்சம் புதர விட்டுட்டாச்சும் வெட்டச் சொல்லுங்கய்யா."

"சொல்லுறன்."

அவர் சொல்லவும் செய்தார். பெரட்டில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். ஆனால் வெட்டிய நிலத்தைக் குடும்பத்துக்கு ஒரு பட்டியாகப் பிரித்துக் கொடுத்ததும், ஒவ்வொரு பட்டியும் தண்ணீரில் போய் முடிந்தது. தண்ணீரோரத்து மண்தான் கறுத்து, ஈரமாக, கையில் எடுத்தால் பிசுபிசுத்தது. பசித்தவன் அந்த மண்ணைப் பார்த்துவிட்டுப் பாராங் கத்தியைக் கீழே வைப்பானா? முதல் நாள் ஒருவர் ஓரத்தில் நாலு செடிக்கு இடம் பண்ணினார். பக்கத்துப் பட்டிக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சில நாட்களில் அல்லூர் தலைமுதல் கால்வரை வெயிலில் மின்னியது. அக்காவின் பட்டியையும் மகளின் பட்டியையும் சேர்த்து வெட்டியவன் அந்தப் பேசாத மருமகன்தான். அவனும் தண்ணீர்வரை வெட்டியிருந்தான்.

அக்கா அதைப் பார்த்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "உபி நல்லா வெளையும்" என்று மட்டும் சொன்னார். மரவள்ளியை நாங்கள் உபி என்போம்.

கொஞ்ச நாள் கழித்து என்னை அங்கே கூட்டிப் போனார். ரப்பர் பால் வடியும் வெள்ளை மங்கு ஒன்றைத் தண்ணீர் ஓரத்தில் சாய்த்து அள்ளி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளைப் பீங்கானின் மேல், கிள்ளிப்போட்ட நூல் போல, கூத்தாடிப் புழுக்கள் தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தன.

"பாருங்க கிராணி. குடும்பத்தோட குடி வந்துருக்கு. பெரட்டுல பேரு சேத்துக்குங்க."

இந்த மலை அல்லூரின் நீளம் அவருடைய பழைய துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம். துடைப்பத்தால் அதை ஒருத்தி கலக்கி முடிப்பது நடக்காத காரியம். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அக்கா ஒரு விடுமுறை நாள் காலை முழுவதும் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார். பழைய துண்டைக் கலக்கிவிட்டு வந்துதான் உட்கார்ந்தார்.

சண்டைக்கு முன்னால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அல்லூரின் தலையில் சிமெண்டில் சின்ன அணை கட்டியிருந்தார்கள். தண்ணீரைத் தேக்கி வைத்து மொத்தமாகத் திறந்துவிட்டால், அந்த வேகத்தில் ஓரத்துப் புழு எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அக்கா அதைப் பார்த்திருக்கிறார். எங்களிடம் சிமெண்ட் இல்லை. வெட்டிப்போட்ட மரமும், மண் நிரப்பிய கோணியும் இருந்தன. வேகம் தணியும் இடத்தில் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று என்று சில அணைகள் போட்டால் போதும். நடுவில் ஒரு பலகை. அதை இழுத்தால் தண்ணீர் போகும். போன பிறகு திரும்பச் செருகிவிட்டால் மறுநாளைக்குள் தேங்கிவிடும்.

கட்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு விடுமுறை நாள் முழுக்கத் திருவிழா மாதிரி இருந்தது. மண்டோரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் தூக்கினார். முதல் பலகையை இழுத்தபோது தண்ணீர் இரைந்துகொண்டு போனதைப் பார்த்துப் பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். இனி ஆளுக்கு ஒரு நாள் வந்து இழுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வாரம் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு விருந்தாளி, ஒருவர் மறந்தே போனார். கட்டுவதற்கு ஆள் கிடைத்தது, இழுப்பதற்குக் கிடைக்கவில்லை. அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. பழைய துண்டோடு பலகைகளையும் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஒரு முறை அவர் பாதத்தில் மூங்கில் சிலாம்பு ஏறி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. மருமகனும் நானும் அவருடைய வேலையைப் பிரித்துக்கொண்டோம். துடைப்பம் அவனுக்கு, பலகைகள் எனக்கு. முதல் நாள் உற்சாகமாகவே இருந்தது. காலைப் பனி, சுண்ணாம்பு மலையின் மேல் வெளிச்சம், தண்ணீரின் இரைச்சல் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் அவை எதுவும் கண்ணில் படவில்லை. அதற்கடுத்த நாள் மழை கொட்டியது. பாயில் கிடந்தபடி யோசித்தேன். இந்த மழையே அல்லூரை அடித்துக்கொண்டு போகும், பலகையை நான் இழுக்க வேண்டியதே இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"இந்த மழையில பலகைய இழுக்காட்டியும் பரவால்லதானே அக்கா?"

"பரவால்லதான்."

"அப்ப நீங்க மட்டும் மழையிலயும் போறீங்களே?"

வீங்கிய காலைக் கையால் தூக்கி இடம் மாற்றி வைத்துக்கொண்டார். "மழைக்கு விட்டா நாளைக்குத் தூறலுக்கும் விடுவேன். தூறலுக்கு விட்டா மேகத்துக்கும் விடுவேன். எனக்கு என்னயத் தெரியும்லா. உங்களுக்கு உங்களத் தெரியும்னா நீங்க போயிப் படுங்க."

நான் படுக்கப் போகவில்லை. ஆனால் அந்த நனைந்த பாதையில் ஏறும்போது, அக்கா வருஷக்கணக்காக என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது முதல்முறையாக உறைத்தது. பலகையின் கனம் ஒன்றுமே இல்லை. அதைவிடக் கனமானது அந்தப் பாயிலிருந்து எழுந்திருப்பது. அதை அவர் தினமும் தூக்கிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு வலி எடுத்தது ஒரு விடியற்காலையில். எங்கள் வரிசையிலேயே பிரசவம் பார்க்கும் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். பெண்கள் வெந்நீர் போட்டார்கள். மகள் அலறும் சத்தம் பெரட்டுக்களம்வரை கேட்டது. அந்த நேரத்தில் அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி வழியில் நின்று மறித்தாள். "ஏன்க்கா, நீங்க மனுசிதானா? ஒத்தப் பிள்ள உசுருக்குத் துடிக்குது. இன்னைக்கு ஒரு நாள் அந்த எழவு அல்லூர் காத்திருக்காதா?"

அக்கா அவளைச் சுற்றிக்கொண்டு போனார். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "கல்லு. சுத்தக் கல்லு" என்று பின்னால் கத்தினாள்.

"விடு புள்ள" என்றார் உள்ளிருந்து பிரசவம் பார்க்கும் அம்மாள். "இங்க இருந்தா எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுவா. எனக்குத்தான் எடஞ்சல்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்று அக்காவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் போன பாதையையே பார்த்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன். அவரை அழைத்துவர மருமகன் பின்னாலேயே ஓடினான். ஆனால் தனியாகத் திரும்பி வந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வெகுநாள் கழித்துத்தான் சொன்னான். முதல் அணையில் பலகையை இழுத்துக்கொண்டே அக்கா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாராம். தண்ணீர் இரைச்சல் அடங்கும்வரை அழுதுவிட்டு, பலகையைத் திரும்பச் செருகிவிட்டு, அடுத்த அணைக்கு இறங்கிப் போனாராம். அவன் கூப்பிடாமலே திரும்பிவிட்டானாம்.

அக்கா திரும்பி வந்தார். வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். வெயில் ஏறிய பிறகு பேத்தி பிறந்தாள். பப்பாளிக் காய் அளவுதான் இருந்தாள். ஆனால் பெரட்டுக்களத்தை எட்டுகிற குரல். மகளுக்குக் காய்ச்சல் இல்லை. பிள்ளைக்கும் இல்லை. மண்டோர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "பாட்டியாயிட்டீங்க, இனிமேயாச்சும் அல்லூர விடுங்கக்கா" என்றார்.

"அண்ணே, இவ ஒடம்புல ஒரு கொசுவுக்குப் போதுமான ரத்தந்தான் இருக்கு. இப்பப் போயி விடச் சொல்றீங்களே."

மறுநாளும் நனைந்துதான் வந்து நின்றார்.

எங்கள் வரிசையில் காய்ச்சலே வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. சிலர் இறந்தார்கள். பசியால் இறந்தவர்களையும் காய்ச்சலால் இறந்தவர்களையும் பிரித்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் நிலைமை எவ்வளவோ மோசமாக இருந்தது. அதற்கு அக்கா மட்டுமே காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது. காற்று, மண்ணின் சரிவு, அதிர்ஷ்டம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். மலை அல்லூர் வெயிலில் மின்னத் தொடங்கிய பிறகும் எங்கள் வரிசையில் கர்ப்பிணி ஒருத்திகூடக் காய்ச்சலில் போகவில்லை. பேத்தி தவழ்ந்தாள். எழுந்து நின்றாள். சாக்குப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். அதற்குப் பிறகும் பல மாதங்கள் எண்ணெய் வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று தோட்டமே கூத்தாடிக் களித்தது. மறுநாள் காலை அக்கா வழக்கம்போல அல்லூரில் நின்றார். வெள்ளைக்காரன் தோற்றாலும் ஜப்பான்காரன் தோற்றாலும் கொசுவுக்கு ஒன்றுதான் என்றார். ஒரு நாள் மதியம் ஈப்போவிலிருந்து லாரி வந்தது. எண்ணெய் பீப்பாய்கள், முதுகில் மாட்டும் புதுத் தெளிப்பான்கள், அதை அடிக்கச் சம்பளத்துக்கு ஆட்கள். மண்டோர் ஓடிப் போய் அக்காவிடம் சொன்னார். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாராம்.

மறுநாள் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். வரிசையில் எல்லோரும் திரும்பி, அவர் எப்போதும் நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். தரை காய்ந்திருந்தது. மகள் தன் வரிசையிலிருந்து விலகி வீட்டை நோக்கி ஓடினாள். மண்டோரும் நானும் பின்னால் ஓடினோம். கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

பாத்திரங்களுக்கு நடுவில் பாயில் அக்கா மல்லாந்து கிடந்தார். பேத்தி அவர் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். குறட்டைச் சத்தம் கேட்டது.

"அம்மா" என்று மகள் உலுக்கினாள்.

"காய்ச்சலா அக்கா?" என்றேன்.

ஒரு கண்ணைத் திறந்தார். "எண்ணெ அடிச்சாங்களா?"

"நேத்தே ஆரம்பிச்சுட்டாங்க. மேல் அல்லூர் முடிஞ்சுபோச்சு."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும் நானே பாத்தேன்" என்றார் மண்டோர்.

"அப்ப எதுக்கு எழுப்புறீங்க?"

மண்டோர் மீசையைத் தடவினார். "இல்லக்கா, இத்தன வருசப் பழக்கம். எண்ணெ வந்தாலும் உங்களால படுக்க முடியாதுன்னு நெனைச்சோம்லா."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை. "பழக்கமா? யாருக்குப் பழக்கம்? ஒரு நாளாச்சும் எனக்கு அது பழகுச்சா? தெனமும், தெனமும் அண்ணே, எழுந்திரிக்க மனசே வராது. இன்னைக்கு ஒரு நாள் போகாட்டி என்னான்னு தெனமும் தோணும். நேத்தும் தோணுச்சு." பேத்தியைத் தூக்கி மகளிடம் கொடுத்தார். "இவளக் கொண்டு போ. மூக்க விட மாட்டேங்குறா."

பிறகு கோணிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். மகள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வரிசையின் அந்தக் கோடியில் பிள்ளைகள் காலி எண்ணெய் டின் ஒன்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மண்டோர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் ஓடினார்.

"டேய், சத்தம் போடாதீங்கடா. அக்கா தூங்குது."